நிகர எடை

பகலில் நான் லோரி நிறுப்பவள்.
பஹாவ் தாண்டி, செம்பனை ஆலை வாசலில்
இரும்பு மேடை, ஒரு ஜன்னல், ஒரு திரை.
பழக்குலையோடு ஏறினால் மொத்த எடை,
கொட்டிவிட்டு இறங்கினால் வெற்று எடை,
கழித்தால் நிகரம்.
பதினெட்டு வருடத்தில்
ஒரு ரசீதும் திரும்பி வந்ததில்லை.

இரவில் நகைத் தராசு.
பன்னிரண்டு ரிங்கிட், உள்ளங்கை அகலம்.
தயிர் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி
உள்ளே ஒரு குட்டியை இறக்குவேன்.
ஆறு கிராம்.
சப்பாத்துக் கயிறு போலிருந்துகொண்டு
அதற்கும் கோபம் வரும்,
வால் நுனி அதிர என் கட்டைவிரலைக் கொத்தும்.
வலிக்காது. சந்தோஷமாக இருக்கும்.

தொட்டில் ஆடாத வீடு, அதனால்தான் பாம்பு என்று
யாரும் கதை கட்ட வேண்டாம்.
ஜொகூரில் எனக்கு இரண்டு மகன்கள்.
இருவரும் நன்றாகத் தின்பவர்கள்.

பதினான்கு முட்டை.
மூன்று பூஞ்சணம் பிடித்துச் சுருங்கின.
ஒன்று தோலைக் கீறி மூக்கை நீட்டி
ஒரு பகல் முழுக்க வெளியே பார்த்தது,
பிறகு வரவில்லை.
தாய்க்காரி முட்டையிட்ட மூன்றாம் நாளே
எலி தின்றுவிட்டுப்
பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.
அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தும் முதல் சட்டை உரித்தன.
ஒன்றை எடுத்துத் தராசில் போட்டேன்.
0.1 காட்டியது,
யோசித்து, 0.0 என்றது.

டுரியான் ஐஸ்கிரீம் டப்பாவில்
பிறந்த அன்றே உறைந்த எலிக்குஞ்சுகள்.
சுடுநீரில் இளக்கி நீட்டினேன்.
ஆறு குட்டி தின்றன. நான்கு முகத்தைத் திருப்பின.

பல்லி வாசனை வேணும் அக்கா,
காட்டுல இதுங்க முதல்ல பல்லியத்தான் தின்னும்
என்றான் சிரம்பான் கடைக்கார ஆ வெங்.
எங்கோ அமெரிக்காவில் சோளக்காட்டுப் பாம்பு,
பஹாவ் பல்லியை அதற்குப் பிடிக்குமா?
நாற்காலி போட்டு ஏறினேன்.
சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது
வாலை என்னிடம் விட்டுவிட்டு ஓடியது.
மேசைமேல் அது துடித்து அடங்கும்வரை
தொட மனமில்லாமல் நின்றேன்.
அன்றிலிருந்து இந்த வீட்டில்
எந்தப் பேச்சுக்கும் உச்சுக்கொட்டல் இல்லை.

ஒன்று தின்றது. மூன்றாம் நாள் கக்கியது.

பக்கத்து வீட்டுப் பூங்கோதை சொன்னாள்:
கோயில் புற்றுல வைக்கிற முட்டை விடியறதுக்குள்ள காணோம்,
உன்னுதுங்க ஊட்டினாலும் தின்ன மாட்டேங்குதே.
அந்த முட்டையைத் தின்பது உடும்பு.
பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

5.8
5.3
4.9
4.4

நான்கு நான்கு ஆனபோது
பல்குச்சியால் வாயைத் திறந்தேன்.
உள்ளே வெளிர்சிவப்பு,
நகக்கண் அளவு இருட்டு.
எலிவால் துண்டை மெல்ல, மெல்லத் தள்ளினேன்.
விழுங்கியது. நம்பினேன்.
காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரம்
நேராகக் கிடந்தது. அவை நேராகப் படுப்பதில்லை.
பட்டினி எடுத்ததா, என் விரல் எடுத்ததா,
இதை எதிலிருந்து எதைக் கழித்துக் கண்டுபிடிப்பது?

வீட்டுப் பின்னால் புதைத்தால் கோழி கிளறும்.
டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்து
வேலைக்குக் கொண்டுபோனேன்.
ஆலைக்குப் பின்னால் வெற்றுக்குலைக் குவியல்,
மழைக்காலத்தில் புகையும்.
அதில் நாகம் முட்டையிடும்,
குஞ்சுகள் தானாகப் போய்விடும் என்பான்
லோடர் ஓட்டும் ரஃபிகுல்.
கையை நுழைத்துப் பார்த்தேன்.
என் பெட்டியில் விளக்கும் கம்பியும் வைத்து
நான் காத்த அதே சூடு.
அங்கேயே விட்டேன்.

போகும்போது நிறுவை மேடையைக் கடந்துதான் போனேன்.
ஜன்னல் வழியாகத் திரை தெரிந்தது.
அறுபது.
வரும்போதும் அறுபது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதுவும்
அதற்குத் தெரியாது.

மற்றவற்றுக்குச் செவ்வாய்க்கிழமை தீனி.
பல்லிக்கு இன்னும் வால் முளைக்கவில்லை.